கை ஓங்காத சார்

ஆபீஸ் ரூம்ல ஒரு எட்டுக்கால் பூச்சி வந்துட்டாப் போதும், சார் குசினி வாசல்ல வந்து நிப்பாரு. "ரோசம்மா, உள்ள ஒரு பூச்சி கெடக்கு. கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு வராந்தாவுக்குப் போயி மலையப் பாத்துக்கிட்டு நிப்பாரு. நான் உள்ள போய் செருப்பக் கழட்டி ஒரே அடி. சத்தம் அவருக்கும் நல்லாக் கேக்கும். வெளிய வந்தா, "பத்திரமா விட்டாச்சா?"ம்பாரு. "விட்டாச்சு சார்"ம்பேன். உண்மை ரெண்டு பேருக்கும் தெரியும். நான் அங்க இருந்த பன்னெண்டு வருசமும் இப்படித்தான் ஓடுச்சு.

அது கொடைக்கானல்ல ஒரு மிஷன் விடுதி. கீழ சமவெளியில ஊழியம் பாக்குற வெள்ளக்காரக் குடும்பங்க ஏப்ரல் மே வெயிலுக்கு மேல வந்து தங்குவாங்க. மத்த மாசத்துல ஒண்ணு ரெண்டு பேரு வருவாங்க, போவாங்க. சார் அங்க மேனேஜரு, நான் சமையல். எனக்கு வட்டக்கானல் போற வழியில வீடு. வெள்ளனே நடந்து வந்து அடுப்பப் பத்த வச்சேன்னா, சார் அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வாசலக் கூட்டிக்கிட்டு இருப்பாரு. மேனேஜரு கூட்டலாமான்னு கேட்டா, "குளிருக்கு நல்லதும்மா"ம்பாரு. ஒல்லியான ஆளு. மே மாசத்துலயும் கழுத்துல மப்ளர். கல்யாணம் கட்டலை. ஏன் கட்டலைன்னு யாராவது வாயெடுத்தா, அவரு நம்ம பிள்ளைகளோட பரீட்சைய விசாரிக்க ஆரம்பிச்சிருவாரு, கேள்வி அப்படியே காணாமப் போயிரும்.

என் ரெண்டாவது மகளுக்கு டைபாய்டு வந்தப்போ மூணு நாளு ஆஸ்பத்திரி பெஞ்சுல எங்கூட உக்காந்திருந்தவரு அவரு. எங்க வீட்டுக்காரரு ரெண்டாம் நாளே எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டாரு, சார் போகலை. இத மொதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததச் சொல்லணும், இல்லைனா நான் நன்றி கெட்டவளாயிருவேன்.

குழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னா அத எங்கிட்டச் சொல்ல அவருக்கு வாய் வராது. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு, "பிரமாதம் ரோசம்மா"ம்பாரு. சாயங்காலம் விருந்தாளியா வந்திருக்குற வெள்ளக்காரம்மா குசினிக்கு வந்து, தெரிஞ்ச அரைகுறைத் தமிழ்ல, "கொஞ்சம் உப்பு அதிகம்"னு சொல்லும். அந்தம்மா உப்பில்லாத சூப்பு மட்டும் குடிக்கிற பொம்பள. அதுக்கு எப்படித் தெரியும் என் குழம்புல உப்புன்னு? எனக்குச் சிரிப்பு வரும். அந்த நாள்ல சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

அந்தோணியண்ணன் சமாச்சாரத்துல சிரிக்க முடியலை. அவரு விடுதித் தோட்டக்காரரு. வட்டக்கானல்ல இருந்து ஏறி வருவாரு. அவரு தொட்ட செடி பூக்காம இருக்காது. ஆனா சனிக்கிழமை தண்ணியப் போட்டாருன்னா திங்கக்கெழம தான் தெளியும். ஒரு நாளு விருந்தாளிங்க முன்னாடியே தள்ளாடி விழுந்து, நாலு பூந்தொட்டிய ஒடச்சுட்டாரு. சார் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை. தூக்கி நிறுத்தி, சட்டையில இருந்த மண்ணத் தட்டிவிட்டு, "வீட்டுல போய்ப் படுங்க அந்தோணி"ன்னாரு. மறுநாளு எங்கையில ஒரு கவரக் குடுத்து தபால்ல போடச் சொன்னாரு. மிஷனோட மதுரை ஆபீசு விலாசம். போட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு மதுரையில இருந்து அந்தோணியண்ணனுக்கு லெட்டர் வந்துச்சு, இனிமே வேலைக்கு வர வேணாம்னு. சாருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. "பெரிய ஆபீசு முடிவு அந்தோணி, நான் என்ன செய்வேன்"னு சொல்லி, போட்டிருந்த ஸ்வெட்டரக் கழட்டி அவரு கையில குடுத்தாரு. அந்தோணியண்ணன் அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அப்புறமா குசினிப் பக்கம் வந்து, "முழுசா என்ன எழுதிருக்குன்னு படிச்சுச் சொல்லு தாயி"ன்னு லெட்டர நீட்டுனாரு. நான் கான்வென்டுல எட்டாவது வரைக்கும் படிச்சவ. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ரெண்டாவது வரியிலயே, விடுதி மேனேஜர் எழுதிக் கேட்டுக்கிட்டபடின்னு இருந்துச்சு. அந்த வரிய மட்டும் விட்டுட்டு மிச்சத்தப் படிச்சுச் சொன்னேன். சார் மேல எனக்கு அவ்வளவு பிரியம். அதுக்காக அந்தோணியண்ணனுக்கு நான் செஞ்சது சரியாயிருமா? ஆகாது.

அதுக்கு அடுத்த வருசந்தான் அந்த நாய் வந்துச்சு. பூண்டியில இருந்து வெள்ளப்பூண்டு மூட்டை ஏத்திக்கிட்டு எறங்குன லாரி ஒண்ணு விடுதி வாசல்ல பஞ்சராகி நின்னுச்சு. டயர் மாத்தும்போது மூட்டைகளுக்கு நடுவுல இருந்து ஒரு குட்டி தலைய நீட்டுச்சு. செம்பட்டை நெறம், ஒரு காது மட்டும் மடிஞ்சு கெடக்கும். டிரைவரு, "எப்ப ஏறுச்சுன்னே தெரியலங்க, நீங்களே வச்சுக்கங்க"ன்னு எறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு. சார் வெந்நி வச்சு மூணு தடவை குளிப்பாட்டியும் பூண்டு வாடை போகலை. அதனால பேரும் பூண்டுன்னே நின்னுபோச்சு.

சாருக்கும் அதுக்கும் இருந்த ஒட்டுதல என்னன்னு சொல்ல. "பூண்டு, வாப்பா"ன்னு அவரு மெதுவா ஒரு தடவை சொன்னாப் போதும். தோட்டத்துக் கடைசியில கெடந்தாலும், மடிஞ்ச காது ஆட ஓடி வந்து அவரு ரெண்டு காலுக்கு நடுவுல தலைய விட்டுக்கிட்டு நிக்கும். நான் கூப்பிட்டா ஓடி வர, அம்பது வயசுக்கு மேல ஒரு ஜீவன் கெடச்சுருக்கு ரோசம்மான்னு ஒரு நாளு சொன்னாரு. சொல்லிட்டு அவருக்கே வெக்கமாப் போச்சு.

ஆனா நாயி பிடிவாதம் பிடிச்சது. கன்னுக்குட்டியக் கண்டா அதுக்கு எந்தப் பேச்சும் காதுல ஏறாது. விடுதிக்குப் பின்னால சரிவுல பால்காரரு கருப்பையா அண்ணன் மாடு மேய்ப்பாரு. பூண்டு பாஞ்சு ஓடும், குலைக்கும், கன்னுக்குட்டிய வட்டம் போட்டு வெரட்டும். கடிக்காது, அதுக்கு அது வெளையாட்டு. கன்னுக்குட்டிக்கு அது தெரியுமா? ஒரு நாளு மெரண்டு ஓடின கன்னு பள்ளத்துல விழுந்து கால ஒடிச்சுக்கிச்சு.

கருப்பையா அண்ணன் வந்தாரு. சத்தம் போடலை. துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, "சாரு, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இன்னொரு வாட்டி உங்க நாயி என் கன்னு மேல பாஞ்சுச்சுன்னா, கறித்துண்டுல மருந்து வச்சிருவேன். நாளைக்கு மறைஞ்சு நின்னு செஞ்சான்னு பேச்சு வரக்கூடாது பாருங்க. அதான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறேன்"ன்னாரு. செய்யக்கூடிய ஆளுதான். சாருக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை.

கட்டிப் போட்டுப் பாத்தாரு. கயித்தக் கடிச்சுப் போட்டுச்சு. சங்கிலி வாங்கிப் போட்டா, கழுத்து புண்ணாகுற வரைக்கும் இழுத்துக்கிட்டு ஊளை விட்டுச்சு. அவரே அவுத்து விட்டுட்டாரு. நான் சொன்னேன்: "சார், கன்னுக்குட்டி முன்னாடியே வச்சு, கம்ப எடுத்து ரெண்டு போடுங்க. ஒரே வாட்டி. புரிஞ்சுக்கும்."

"என் கையால அடிச்சா, அப்புறம் அது என்னைய எப்படிப் பாக்கும் ரோசம்மா?"

"எங்க வீட்டு நாய நான் வெளக்கமாத்தால போடாத நாளில்ல சார். அரமணி நேரத்துல காலச் சுத்திக்கிட்டு வருது."

அவரு தலைய ஆட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அந்தக் கோடையிலதான் ஒரு வெள்ளக்காரரு ஊழியம் முடிஞ்சு சொந்த ஊருக்கே திரும்புற சமயம் விடுதியில தங்கினாரு. வருசம் எழுபத்தெட்டோ எழுபத்தொம்பதோ, சரியா ஞாபகமில்ல. அவரு ஊர்ல வேட்டை நாய்க்குப் போடுற கரண்டு பட்டை ஒண்ணு அவருகிட்ட இருந்துச்சு. அவரு நாய் போன வருசமே செத்துப்போச்சு, பட்டைய மட்டும் எதுக்குத் தூக்கிக்கிட்டுப் போகன்னு சாருகிட்டக் குடுத்தாரு. தோல் பட்டையில சோப்பு டப்பா கணக்கா ஒரு பெட்டி. உள்பக்கம் ரெண்டு பித்தளைக் குமிழு, நாயோட கழுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். கையில வச்சுக்க இன்னொரு பெட்டி, அதுல ரேடியோ ஏரியல் மாதிரி ஒரு கம்பி, ஒரு பட்டன். இங்க பட்டன அமுக்கினா அங்க கழுத்துல கரண்டு அடிக்கும். நூறு கெஜத்துக்கு அங்கிட்டு நின்னாலும் அடிக்கும்.

நான் டீ கொண்டுபோன நேரம் அவரு வெளக்கிக்கிட்டு இருந்தாரு. இதுல இருக்கிற விசேஷமே, அடிச்சது யாருன்னு நாய்க்குக் கடைசி வரைக்கும் தெரியாதுன்னு சொன்னாரு. கன்னுக்குட்டிதான் தன்னையச் சுட்டுச்சுன்னு நெனச்சுக்குமாம். சார் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, அது எனக்குப் பிடிக்கலை. எங்க பாத்தோம் இதன்னு யோசிச்சேன். அந்தோணியண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதப்போ சாரோட மொகம் இப்படித்தான் லேசாகிக் கெடந்துச்சு.

வெள்ளக்காரரு போனப்புறம் நான் அந்தக் குமிழ உள்ளங்கையில வச்சு, "அமுக்குங்க சார்"ன்னேன். மாட்டேன்னாரு. நானே அமுக்கிக்கிட்டேன். முழங்கை வரைக்கும் சுருக்குன்னு ஏறி, கையில இருந்த பட்டை தெறிச்சு விழுந்துச்சு. "நீங்களும் ஒரு வாட்டி வச்சுப் பாருங்க சார், எவ்வளவுன்னு தெரிய வேணாமா?"

"வேணாம்மா, வேணாம்மா"ன்னு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாரு.

மறுநாள்ல இருந்து சோலி ஆரம்பமாச்சு. சார் குசினி ஜன்னல் திரைக்குப் பின்னால நிப்பாரு. பூண்டு சரிவுல கன்னுக்குட்டியப் பாத்துப் பாயும். கிட்டப் போகுற நேரம் பட்டன அமுக்குவாரு. வீல்னு ஒரு சத்தம். நாயி குட்டிக்கரணம் அடிச்சு, கன்னுக்குட்டியப் பேயப் பாத்த மாதிரி பாத்துட்டு, நேரா சார்கிட்ட ஓடி வரும். சார் அதுக்குள்ள பெட்டிய ஜன்னல்ல வச்சுட்டு வெளிய போயிருப்பாரு. "என்னப்பா, என்ன ஆச்சு பூண்டு"ன்னு மடியில போட்டுத் தடவிக் குடுப்பாரு. அது அவரு கைய நக்கும். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பேன். 

நாலே தடவைதான். அதுக்கப்புறம் கன்னுக்குட்டி இருந்த பக்கமே பூண்டு போகலை. கருப்பையா அண்ணன் சந்தோசமா ஒரு செம்பு மோரு கொண்டுவந்து குடுத்தாரு. "என்ன மந்திரம் போட்டீங்க சாரு?"ன்னு கேட்டாரு. சார் சிரிச்சுக்கிட்டாரு. பட்டையக் கழட்டிருங்க சார்னு நான் சொன்னேன். இப்ப மறந்தாலும் கன்ன வெரட்டுற ஞாபகம் மறுபடி வந்துரும், மழை முடியுற வரைக்கும் கெடக்கட்டும்னு அவரு சொன்னாரு. மருந்து வச்சிருவேன்னு சொன்னது அவரு மனசுல இருந்து போகலை.

ஐப்பசியில ஒரு சாயங்காலம். கொடைக்கானல் மூட்டம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நான் விவரிக்க வேண்டியதில்ல. பேசிக்கிட்டு இருக்கும்போதே எதிர்ல நிக்கிற ஆளு காணாமப் போயிருவாரு. அன்னைக்கு அப்படித்தான் சரிவே மறைஞ்சுபோச்சு. பூண்டு வெளிய போயிருந்துச்சு. கருப்பையா அண்ணன் மாடு கன்னு போட்டு எட்டு நாளு, பச்சைக் கன்னு. சார் பதறிப்போயி, பெட்டியக் கையில எடுத்துக்கிட்டுப் பின்வாசல்ல நின்னு, "பூண்டு, வாப்பா"ன்னு கூப்பிட்டாரு.

நானும் பக்கத்துலதான் நின்னேன். மூட்டத்துக்குள்ள மாட்டு மணிச் சத்தம் கேட்டுச்சு. அதே நேரம் நாயி ஓடுற சத்தமும் கேட்டுச்சு, தொப்புத் தொப்புன்னு. "ஐயோ, கன்னு மேல போகுது"ன்னு சார் பட்டன அமுக்கிட்டாரு. வீல்னு கத்துச்சு. ஒரு நிமிசம் நிசப்தம். மணி மறுபடி அடிச்சுது, ஓடுற சத்தமும் மறுபடி. "பூண்டு, வா, வாப்பா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே மறுபடியும் அமுக்கினாரு. இந்த வாட்டி கைய எடுக்கலை. சத்தம் ரொம்பக் கிட்ட இருந்து வருதேன்னு எனக்குத் தோணுச்சு. "விடுங்க சார்"னு கையத் தட்டிவிட்டேன்.

மூட்டம் கொஞ்சம் வெலகுச்சு. பூண்டு எங்களுக்கு முன்னால ஆறடி தூரத்துல, ஈரப் புல்லுல விழுந்து கெடந்துச்சு. கால் நாலும் நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. மாடும் இல்ல, கன்னும் இல்ல. மேல ரோட்டுல யாரோ பத்திக்கிட்டுப் போற மாட்டோட மணி அது. பூண்டு கூப்பிட்ட குரலுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. மொதல் தடவை கரண்டு அடிச்சதும், பழகினபடி ஆறுதலுக்கு அவருகிட்டத்தான் இன்னும் வெரசா ஓடி வந்திருக்கு.

சார் பெட்டியக் கீழ போட்டுட்டு, "பூண்டு"ன்னு கையை நீட்டினாரு. அது அவரு குரலக் கேட்டதும் ஒண்ணுக்குப் போயிருச்சு. வயிறு தரையில தேய, பின்னாலயே நகந்து போச்சு. அவரு ஒரு அடி வச்சாரு, எந்திரிச்சு ஓடிருச்சு.

அன்னைக்கு நான் வீட்டுக்குப் போனா எங்க வீட்டு வெறகுக் கொட்டாய்க்குள்ள படுத்திருக்கு. பட்டைய நாந்தான் கழட்டினேன். மறுநாளு அத சார் மேசையில வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஏதோ விழுகுற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். சார் பட்டைய எடது மணிக்கட்டுல கட்டிக்கிட்டு, கதவு தொறந்து கெடக்குறதும் தெரியாம, பட்டன அமுக்கி அமுக்கி விட்டுக்கிட்டு இருந்தாரு. நான் உள்ள போகலை. போயிருக்கணும்.

பூண்டு விடுதிக்குத் திரும்பவே இல்ல. எங்க வீட்டுலயே தங்கிருச்சு. எங்க வீட்டு நாயோட சண்டை போட்டுக்கிட்டு, எங்கிட்ட வெளக்கமாத்து அடியும் வாங்கிக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு. சார் தெனமும் சாயங்காலம் பிஸ்கெட்டோட வந்து வேலிக்கு வெளிய நின்னு கூப்பிடுவாரு. அவரு குரல் கேட்ட ஒடனே அது கட்டிலுக்கு அடியில போயி, செவுத்தோட ஒட்டிக்கிட்டு நடுங்கும்.

ஒரு நாளு எனக்குப் பொறுக்கலை. "சார், அடிச்சது நீங்கதான்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. விட்டுருங்க"ன்னு சொல்லிட்டேன்.

அவரு கையில இருந்த பிஸ்கெட்ட வேலி மேல வச்சாரு. அப்புறம் சொன்னாரு: "அதுக்குத் தெரியல ரோசம்மா. தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நீங்க அடிக்கிறது உங்க நாய்க்குத் தெரியும், உங்க கோவம் போனதும் தெரியும், கிட்ட வருது. இதுக்கு அடிச்சது யாருன்னே தெரியாது. நான் கூப்பிட்டா வலிக்கும், அவ்வளவுதான் தெரியும்."

அடிச்சது யாருன்னு அந்தோணியண்ணன்கிட்டயாவது போய்ச் சொல்லுங்க சார்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்த வரியப் படிக்காம விட்டவ நான், எந்த வாயால சொல்ல? அவரும் போகலை. வட்டக்கானலுக்கு எறங்குற பாதை எங்க வீட்டத் தாண்டித்தான் போகுது. தெனமும் எங்க வீடு வரைக்கும் வந்த மனுசன் அதுக்கு மேல ஒரு நாளும் எறங்கலை. அதுல அவரு மேல எனக்கு இன்னைக்கும் கோவந்தான். என் மேலயும் கோவந்தான்.

மறுநாள்ல இருந்து சார் கூப்பிடுறத நிறுத்திட்டாரு. வருவாரு, எங்க வாசக் கல்லுல உக்காருவாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. எங்ககிட்டயும் பேச மாட்டாரு, சைகைதான். குரலே அதுக்குக் கேக்கக்கூடாதுன்னு. டீ வேணுமான்னு கேட்டா தலைய ஆட்டுவாரு. எங்க வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. ஊமை விருந்தாளி வந்தாச்சும்பாரு. ஒரு மாசத்துல பூண்டு கட்டிலுக்கு அடியில இருந்து வாசல் நிலை வரைக்கும் வந்துச்சு. ஒரு நாளு சாருக்குத் தும்மல் வந்துருச்சு, "ஆண்டவரே"ன்னு வாய்ல வந்துருச்சு, அவ்வளவுதான். மறுபடி கட்டிலுக்கு அடியில ரெண்டு வாரம். அதுல இருந்து குளிர்காலத்து இருமலக்கூட மப்ளர வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு அடக்குவாரு. கண்ணுல தண்ணி வழியும்.

மொத்தம் ஏழெட்டு மாசம் ஆச்சு. ஒரு நாளு பூண்டு போயி அவரு செருப்ப மோந்து பாத்துட்டு, அதும் மேலயே தலைய வச்சுப் படுத்துச்சு. சார் அசையலை. மெதுவா என்னைய நிமிந்து பாத்தாரு. நான் உள்ள போயி அழுதுட்டு வந்தேன். அதுல இருந்து தெனமும் வந்து தலைய வச்சுப் படுக்கும், அவரு தடவிக் குடுப்பாரு. ஆனா விடுதிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்னா கூப்பிடணுமே. கூப்பிட முடியாதே. இருட்டுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுத் தனியாப் போவாரு. நாயி வேலி வரைக்கும் போயி நின்னுக்கிட்டு, அவரு போறதப் பாத்துக்கிட்டு இருக்கும். அஞ்சு வருசம் அப்படி.

எண்பத்து நாலு மார்கழியில பூண்டு படுத்த படுக்கையாயிருச்சு. வயித்துல கட்டி. சாக்கு விரிச்சு அடுப்புக்குப் பக்கத்துல போட்டிருந்தேன். சார் மத்தியானமே வந்துட்டாரு. தரையில உக்காந்து அதும் தலைய மடியில எடுத்து வச்சுக்கிட்டாரு. மூச்சு வாங்குச்சு. கண்ணு அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, எதையோ கேக்குற மாதிரி.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க சார்"னேன். "போற நேரத்துலயாவது ஒரு வாட்டி கூப்பிடுங்க. முந்தியெல்லாம் எவ்வளவு ஆசையா ஓடி வரும்."

அவரு வேணாம்னு தலைய ஆட்டினாரு. ஒதட்டக் கடிச்சுக்கிட்டாரு. கை மட்டும் அந்த மடிஞ்ச காதத் தடவிக்கிட்டே இருந்துச்சு. நாலு மணிக்கு மூச்சு நின்னுச்சு. 

வீட்டுக்குப் பின்னால பேரிக்கா மரத்தடியில குழி வெட்டினோம். அவரே தூக்கிக்கிட்டு வந்து எறக்குனாரு, அவரே கையால மண்ணத் தள்ளினாரு. கடைசி மண்ணும் போட்டு நான் மம்பட்டியால மெழுகினாப்புல தட்டி விட்டேன். உள்ள போலாம் சார்னு கூப்பிடத் திரும்பினேன். அவரு குனிஞ்சு, ரெண்டு கையையும் அந்த மண்ணு மேல வச்சு, பழைய குரல்ல, மெதுவா, "பூண்டு, வாப்பா"ன்னாரு. ஒரு நிமிசம் காத்திருந்தாரு. அப்புறம் வாய் விட்டுக் கூப்பிட ஆரம்பிச்சாரு.